வழியில் படித்ததன் எடை

கல்கத்தாவில் ஜவ்வரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய அர்த்தனாரியின் லாரி, காலி வண்டிக்கு இருக்கவேண்டிய எடையைவிடக் கூடுதலாகக் கனத்துக்கொண்டு சங்ககிரி வந்து சேர்ந்தபோது, ஊரில் யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. எடைமேடையில் கோளாறு என்றார்கள், மேடையைச் சரிபார்த்த பிறகு லாரியில் கோளாறு என்றார்கள், லாரியையும் கழற்றிப் பார்த்த பிறகு, சரி, இப்படியும் இருக்கும்போல என்று டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அர்த்தனாரி தூக்கத்துக்குப் பயந்த டிரைவர். முன்பெல்லாம் அவனும் மாரப்பனும் ஒரே லாரியில் ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டிக்கொண்டு கல்கத்தா போய்வருவார்கள், ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது இன்னொருவன் பின்படுக்கையில் குறட்டை விடுவான், அதில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. அர்த்தனாரி மஞ்சள் காமாலையில் படுத்துவிட்ட ஒரு தடவை மட்டும் முதலாளி குழந்தைவேலு, சரக்கு சொன்ன நேரத்துக்குப் போகவேண்டும், மாற்று ஆளுக்கு எங்கே போவது, நீயே போய் வந்துவிடு என்று மாரப்பனைத் தனியாக அனுப்பினார். ஆந்திராவின் வடகோடியில், நல்ல வெயிலில், நேரான சாலையில், எதிரே ஒரு வண்டிகூட வராத நேரத்தில், மாரப்பனின் லாரி தானாக இடதுபுறம் ஒதுங்கிப்போய் ஒரு ஓடைப் பாலத்தை ஒட்டிய புளியமரத்தில் மோதியது. டிரைவர் தூங்கிவிட்டார் என்று போலீஸ்காரர்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகு வேறு ஜோடி அமையவில்லை, முதலாளியும் தேடவில்லை, அர்த்தனாரி தனியாகவே ஓட்டினான்.

அவன் பச்சை மிளகாயைக் கடித்தான், கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டான், தொடைக்கடியில் ஜல்லிக்கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், பாட்டைச் சத்தமாக வைத்தான். மிளகாய் பழகிப்போயிற்று, தண்ணீர் சுகமாக இருந்தது, கல் தொடைக்கு இதமாகிவிட்டது, பாட்டோ தாலாட்டாகிவிட்டது. ஊர் வந்து சேரும்போதெல்லாம் தான் எந்தெந்த ஊரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதை அவன் வாய்விட்டுச் சொன்னது தன் மனைவி சாந்தாமணியிடம் மட்டும்தான். மகளை ஓமலூரில் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் தனியாக இருந்த சாந்தாமணி, அப்படியானால் நானும் வருகிறேன், பேசிக்கொண்டே வந்தால் தூங்கமாட்டீர்கள் அல்லவா என்று ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு கேபினில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆனால் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த புருஷன் பெண்டாட்டியின் பேச்சில் தூக்கத்தை விரட்டும் சரக்கு ஏதும் மிச்சமில்லை என்பது வேலூர் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. சம்பந்தி வீட்டு விசேஷம், தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்புவலி என்று அவள் பேசப் பேச அவன் தலை மெல்லச் சாய்ந்தது. சாந்தாமணி பேச்சை நிறுத்திவிட்டு, தன் பையின் அடியிலிருந்து, யாருக்கும் தெரியாமல் வாங்கி வைத்திருந்த பத்தாம் வகுப்புப் புத்தகங்களில் ஒன்றை எடுத்தாள். எட்டாவதோடு நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவள் அவள். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதவேண்டும் என்ற ஆசையைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று சொல்லாமல் வைத்திருந்தாள். புத்தகத்தைப் பிரித்து, சத்தமாகக் கொஞ்ச தூரம் படித்துவிட்டு, அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, பூமி இந்த வேகத்துல சுத்துதுன்னு போட்டிருக்குது. அப்பறம் நமக்கு ஏன் தெரியறதில்ல?"

அர்த்தனாரி நெல்லூரிலிருந்து ஓங்கோல் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தான். வண்டி குலுங்காமல் ஒரே வேகத்தில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டால் போவதே தெரியாது, பிரேக் போட்டால்தான் தெரியும், அதுபோல பூமிக்கு பிரேக் கிடையாது என்று ஓங்கோலில் சொன்னான். அவள் புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட அதுதான் என்றாள். அவ்வளவு தூரமும் தூக்கம் அவன் பக்கத்தில்கூட வரவில்லை என்பதை இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள்.

அன்றிலிருந்து அந்த கேபினில் படிப்பு ஓய்ந்ததே இல்லை. ஆவியாகிப் போன தண்ணீர் எங்கே போகிறது, அக்பருக்குப் பின்னால் யார் வந்தார்கள், இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று பாடம் ஓடியது. பாடத்தில் இல்லாததைச் சாந்தாமணி வழியில் இறங்கிக் கேட்டாள், ஆற்றைக் கடந்தால் ஆற்றின் பெயரைக் கேட்டாள், மரத்தடியில் நின்றால் மரத்தின் பெயரைக் கேட்டாள், உப்பளத்தில் நின்று உப்பு எப்படி விளைகிறது என்று கேட்டாள், கேட்பதற்காகத் தெலுங்கு கற்றாள், பிறகு ஒடியா கற்றாள், பிறகு வங்காளத்தில் பேரம் பேசினாள். கணக்குப் பாடம் மட்டும் அர்த்தனாரிக்குத் தூக்கத்தை வரவழைத்ததால் அதை லாரி நிற்கும் இடங்களில் மட்டும் படித்தாள், அதனால் அதில் அவள் கடைசிவரை சுமார்தான்.

அப்படித் திரும்பி வந்த ஒரு பயணத்தில்தான் எடைமேடை அறையில் உட்கார்ந்திருந்த தேவகி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, தார்ப்பாய் நனைந்திருக்கிறதா என்று கேட்டாள். நனையவில்லை. சேறு இல்லை, கல் இல்லை. அவள் புருஷனையும் பெண்டாட்டியையும் இறங்கச் சொன்னாள். இறங்கியதும் எண்கள் சரசரவென்று குறைந்து, காலி வண்டியின் பழைய எடைக்கு வந்து நின்றன. இருவரையும் பக்கத்துத் தவிட்டு மில்லின் தராசில் நிறுத்தினார்கள், அங்கே எல்லா மனிதர்களையும் போலத்தான் இருந்தார்கள். திரும்ப கேபினில் ஏறியதும் லாரியின் வில்பட்டைகள் முனகிக்கொண்டு தாழ்ந்தன. தேவகி, வழியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள், படித்தோம் என்றார்கள், அப்படியானால் அதுதான், வழியில் படித்தது வண்டியில் கனக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த லாரியை ஏறச் சொன்னாள்.

ஊர் அதைத் தன் வழக்கப்படி உள்ளே இழுத்துக்கொண்டது. லாரி உரிமையாளர்கள் கூடி, படித்தது சரக்கா அல்லது ஆளா என்று பொழுது சாயும்வரை பேசி, சரக்கில்லை ஆனாலும் எடை எடைதான் என்று முடிவு செய்து காராசேவு சாப்பிட்டுக் கலைந்தார்கள். மற்ற டிரைவர்களின் மனைவிமார்கள் தங்கள் புருஷன்மார்களையும் மேடையில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார்கள். காஷ்மீர்வரை இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு மூத்த டிரைவர் வந்த வண்டியில் ஒரு கிராம்கூட ஏறாததைக் கண்டு அவர் மனைவி, எனக்கு அப்போதே தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திருப்பதி போய்வந்த பஸ்ஸை மேடையில் ஏற்றினார்கள், லட்டின் எடை மட்டும் கூடியிருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையை ஒருதரம் பெங்களூர் கூட்டிப்போய் வந்து மேடையில் ஏற்றிக் காட்டுங்கள் என்று கேட்ட பெண்வீட்டாரும் உண்டு. ஒடிசா சோதனைச் சாவடியில் காலி லாரி கனப்பதைக் கண்ட அதிகாரி என்ன சரக்கு, பில் எங்கே என்று கேட்டபோது சாந்தாமணி, மொகலாயர் காலம் என்று ஒடியாவில் சொன்னாள். அவர் பின்னால் ஏறிப் பார்த்தார், ஒன்றுமில்லை, இறங்கி வந்து அக்பருக்குப் பின்னால் யார் என்று கேட்டார், அவள் சொன்னாள், அவர் கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

எடை ஏற ஏற மூட்டைகளைக் குறைக்கவேண்டி வந்தது. ஜவ்வரிசி வியாபாரிகள் முணுமுணுத்தார்கள், டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன. முதலாளி குழந்தைவேலு அர்த்தனாரியையும் சாந்தாமணியையும் ஆபீசுக்கு வரச்சொல்லி, படிப்பதாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டும், லாரியில் இனி ஒரு எழுத்தும் வாசிக்கக்கூடாது என்றார். வாசிக்காவிட்டால் தூங்கிவிடுவேன் என்றான் அர்த்தனாரி. மற்ற டிரைவர்கள் எல்லாம் தூங்குகிறார்களா என்று அவர் கேட்டார். தூங்குகிறார்கள் என்று அவன் சொன்னான். குழந்தைவேலு நம்பவில்லை. எத்தனையோ லாரிகளுக்குச் சொந்தக்காரரான அவர் தன் லாரியில் சேலத்தைத் தாண்டிப் போனதில்லை.

"ஒருக்கா வந்து பாருங்க" என்றாள் சாந்தாமணி.

இத்தனை வருஷத்தில் அந்த ஆபீசில் அவரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை என்பதாலோ என்னவோ, குழந்தைவேலு வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வயிற்று மருந்துகளோடு, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். சாந்தாமணி பின்படுக்கைக்குப் போனாள். புத்தகப்பை முதலாளியின் காலடியில், அவர் செருப்புக்குக் கீழே இருந்தது. யாரும் பேசவில்லை. முதல் நாள் முழுக்க எஞ்சின் மட்டும் பேசியது. மறுநாள் மதியம், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, இருபுறமும் புகையிலைக் காடுகள் விரிந்த சாலையில் போகும்போது, குழந்தைவேலு தற்செயலாகத் திரும்பி அர்த்தனாரியின் முகத்தைப் பார்த்தார். கண்கள் திறந்திருந்தன. அவற்றில் ஆள் இல்லை. லாரி மெல்ல, மிக மரியாதையாக, இடதுபுறம் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

குழந்தைவேலுக்குக் கத்தத் தோன்றவில்லை; சிறுவயதில் எப்போதோ கேட்க நினைத்து வாத்தியாருக்குப் பயந்து கேட்காமல் விட்ட ஒன்று அவர் வாயில் தானாக வந்தது.

"ஏப்பா அர்த்தனாரி, கடல் தண்ணி ஏன் உப்புக் கரிக்குது? அதுல சேர்ற ஆத்துத் தண்ணியெல்லாம் இனிக்குதல்லோ?"

அர்த்தனாரியின் கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்து ஸ்டியரிங்கை நேராக்கினான். கொஞ்ச தூரம் போனபின், ஆற்றுத் தண்ணீரிலும் துளி உப்பு இருக்கிறது, பாறையைக் கரைத்துக் கொண்டுவருகிறது, தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, உப்பு போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது என்று நிதானமாகச் சொன்னான். அப்படியானால் கடல் வருஷா வருஷம் இன்னும் கரித்துக்கொண்டே போகுமா என்று குழந்தைவேலு கேட்டார். பின்னாலிருந்து சாந்தாமணி, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று ஆரம்பித்தாள். விஜயவாடா வருவதற்குள் முதலாளி தன் செருப்புக் காலைத் தூக்கிப் புத்தகப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோதாவரிப் பாலத்தில் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. மகாநதியில் அவர் பதில்களையும் சொல்லிப் பார்த்தார். கல்கத்தாவில் மூட்டைகளை இறக்கியபோது லாரி மூட்டைகள் இல்லாமலே பாதி அழுந்தியிருந்தது, அவர் அதைப் பார்த்துவிட்டு, சாந்தாமணியைக் கூட்டிக்கொண்டு ஒரு வங்காளப் பெரியவரிடம் சணல் எப்படி உரிப்பது என்று கேட்கப் போய்விட்டார்.

திரும்பும் வழியில், ஒரு காலை வெயிலில், அர்த்தனாரி ஒரு பாலத்தின் அருகே ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவன் அப்படிச் செய்வான், நிறுத்தியதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருந்த குழந்தைவேலு, எதற்கு அப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"மாரப்பன் இங்கதானுங்க."

நிறுத்து என்றார் முதலாளி.

பாலத்தைத் தாண்டி ஒரு டீக்கடை இருந்தது. ஓலைக் கூரை, ஒரு பெஞ்சு, அப்பலம்மா என்ற பெண் அடுப்புக்குப் பின்னால். சாந்தாமணி வழக்கம்போல ஓடையின் பெயரைக் கேட்டாள். சுக்கலவாகு, நட்சத்திர ஓடை என்றாள் அப்பலம்மா, வானத்து நட்சத்திரங்களை அதில் எண்ணலாம் என்று முன்னாட்களில் சொல்வார்களாம். எந்த ஊர்க்காரர்கள் என்று திருப்பிக் கேட்டாள். தமிழ்நாடு என்றதும் கரண்டியைக் கீழே வைத்தாள். உங்கள் ஊர் ஆள் ஒருவர் அந்தப் புளியமரத்தடியில் செத்துப்போனார் என்றாள், சாந்தாமணி அதை முதலாளிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓடிப்போய்த் தலையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றியது தான்தான் என்றாள். இரண்டு வாய் குடித்துவிட்டு அவர் ஏதோ சொன்னார், அது உங்கள் பாஷை, எனக்கு விளங்கவில்லை, ஆனால் சாகப்போகிற மனிதர் அவ்வளவு பொறுமையாகச் சொன்னதால் அது சாமி மந்திரமாகத்தான் இருக்கும் என்று மனப்பாடம் செய்துகொண்டேன், அன்றிலிருந்து தினமும் அடுப்பு பற்றவைக்கும்போது அதைச் சொல்லித்தான் பற்றவைக்கிறேன், கடைக்கு ஒரு குறையும் இல்லை என்றாள்.

அதைச் சொல்லிக்காட்டச் சொன்னாள் சாந்தாமணி.

அப்பலம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், கண்ணை மூடி, கைகூப்பி, சுலோகம் சொல்வதுபோல் ராகம் போட்டுச் சொன்னாள்.

"காத்தால கெல்லா மெறக்கி போடலா முன்னு மொதலாளி கிட்டச் சொல்லிப் போடுங்க."

குழந்தைவேலு டீ கிளாஸை பெஞ்சின் மேல் வைத்தார். அர்த்தனாரி ஓடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். புளியமரத்தில் பட்டை உரிந்த இடம் ஒன்று ஆள் உயரத்தில் ஆறிக் கறுத்திருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று அப்பலம்மா ஆவலோடு கேட்டாள். கேள்வி என்றால் விடாத சாந்தாமணி முதல்முறையாக, எனக்கும் சரியாக விளங்கவில்லை என்று தெலுங்கில் சொன்னாள்.

மூவரும் ஏறி உட்கார்ந்ததும் லாரி நகர மறுத்தது. அர்த்தனாரி முதல் கியரில் வைத்து, எஞ்சினை உறுமவிட்டு, ஒருவழியாகச் சாலைக்கு ஏற்றினான். பின்னால் ஒன்றுமே இல்லாத லாரி கருங்கல் ஏற்றியதுபோல் ஊர்ந்தது, சைக்கிள்காரர்கள் அதைத் தாண்டிப் போனார்கள், டயர்கள் தாரில் தடம் பதித்தன. ஒரு சுங்கச்சாவடியில் தரையிலிருந்த எடைக்கருவி அலறியது. காலி வண்டியில் இவ்வளவு பாரம் எப்படி என்று அங்கிருந்தவன் கேட்டான். முதலாளிக்கு ஒரு சேதி தெரிந்துவிட்டது என்று சாந்தாமணி தெலுங்கில் சொன்னாள். அவன் எட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குழந்தைவேலுவின் முகத்தைப் பார்த்தான், பிறகு வேறொன்றும் கேட்காமல் வழிவிட்டான். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை கேபினில் யாரும் எதுவும் படிக்கவில்லை, ஆனாலும் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

சங்ககிரி எடைமேடையில் ஏறி நின்றபோது தேவகியின் திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் எண்களே இல்லாமல் வெறும் கோடுகள் நின்றன. அவள் சாந்தாமணியை இறங்கச் சொன்னாள், கோடுகள் அப்படியே இருந்தன. அர்த்தனாரியை இறங்கச் சொன்னாள், அப்படியே இருந்தன. முதலாளி இறங்கவில்லை. அவரை இறங்கச் சொல்ல தேவகிக்கு வாய் வரவில்லை. பின்னால் லாரிகள் வரிசை கட்டின, ஹாரன் அடித்தார்கள், விஷயம் தெரிந்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டு வண்டிகளுக்கடியில் பாய் விரித்துச் சீட்டாடத் தொடங்கினார்கள், டீக்கடைக்காரன் மேடைக்கே கிளாஸ்களைக் கொண்டுவந்தான், குழந்தைவேலு எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் சாந்தாமணி படியில் ஏறி ஜன்னலோரம் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"எறங்குங்க. இத எறக்கற எடம் இதில்லீங்க."

அவர் இறங்கினார். எண்கள் காலி வண்டியின் எடைக்கு விழுந்தன.

மாரப்பனின் மனைவி ருக்குமணி ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரின் மேற்குக் கோடியில் ஓட்டு வீடொன்றில் இருந்தாள். குழந்தைவேலு கடைவீதி வழியாக அங்கே நடந்தே போனார். அது குழாயில் தண்ணீர் வரும் நேரம், ருக்குமணி குடங்களை வரிசை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள், தண்ணீர் நின்றுவிடும், இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று ஒரு குடத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் குடத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார். ஓடையையும் பாலத்தையும் சொன்னார், அப்பலம்மாவைச் சொன்னார், இரண்டு வாய்த் தண்ணீரைச் சொன்னார், பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

ருக்குமணி குழாயைத் திருகி மூடினாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் மறுபடி சொன்னார். அவள் உதடுகளை அசைத்துக் கூடவே சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்காரர் அப்படித்தான் பேசுவார், கொஞ்சம் இழுத்துப் பேசுவார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நாந்தான் தனியாப் போகச் சொன்னேன்" என்றார் குழந்தைவேலு.

"தெரியுமுங்க."

நிறைந்திருந்த குடம் அவர் கையில் சாய்ந்து வேட்டியில் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதை வாங்கி இறக்கி வைத்தாள். பிறகு, "எறக்கியாச்சுங்களா?" என்று கேட்டாள்.

அவருக்கு விளங்கவில்லை.

"சரக்குங்க. அன்னிக்கு."

சிந்தியது போக மிச்ச மூட்டைகளை வேறொரு லாரியில் மாற்றி ஏற்றி அனுப்பியதும், அது கல்கத்தாவில் மறுநாள் பொழுதோடு இறங்கிவிட்டதும் குழந்தைவேலுக்கு நினைவிருந்தது. அன்று அந்தச் செய்தி வந்ததும் நிம்மதியாகச் சாப்பிட்டது அவருக்கு இன்னும் நன்றாக நினைவிருந்தது. இறக்கியாகிவிட்டது என்று சொன்னார், சாப்பிட்டதையும் சொன்னார்.

ருக்குமணி தலையாட்டினாள். "அத அவருகிட்ட யாருமே சொல்லலியே" என்றாள். "எடம் தெரிஞ்சாத் தேவலை. ஓடைக்குப் பேரு என்னன்னு சொன்னீங்க?"

சுக்கலவாகு என்றார் அவர். அவள் அதை ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், இன்னொருதரம் சொல்லிப் பார்த்தாள், மூன்றாம்தரம் சரியாக வந்தது.

குழந்தைவேலு அடுத்த நாள் மறுபடி லாரியில் ஏறி மேடையில் நின்றார், பாதிதான் குறைந்திருந்தது; மீதிப் பாதியைப் பற்றித் தேவகி கேட்கவில்லை. அவர் இரண்டு லாரிகளை விற்றார், மிச்சமிருந்தவற்றில் எல்லாம் இரண்டிரண்டு டிரைவர்களைப் போட்டார், இன்ன நேரத்துக்குள் சரக்கு வந்து சேரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதை நிறுத்தினார். அதனால் சில வியாபாரிகள் வேறு லாரிகளுக்குப் போனார்கள், போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. அர்த்தனாரிக்கும் ஒரு ஜோடி டிரைவர் வந்தான். இந்தப் படிப்புச் சத்தம் தன்னைத் தூங்கவே விடவில்லை என்று அவன் முதலில் குறைப்பட்டுக்கொண்டான், பிறகு எழுந்து உட்கார்ந்து தானும் பதில் சொல்லத் தொடங்கினான். சாந்தாமணி அந்த வருஷம் பத்தாவது எழுதிப் பாஸ் செய்தாள், கணக்கில் தப்பித்தாள், அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, ஏனென்றால் அவள் எவ்வளவு படித்தவள் என்பது கிலோ கணக்கில் ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

மில்லில் லீவு கிடைத்ததும் ருக்குமணி அந்த லாரியில் ஏறினாள். வழியெல்லாம் அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. சுக்கலவாகுப் பாலத்தைத் தாண்டி லாரி நின்றதும் அவள் தனியாக இறங்கிப் போனாள், புளியமரத்தின் ஆறிப்போன பட்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல், சத்தமில்லாமல், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"எறக்கியாச்சுங்க. மறுநா பொழுதோட எல்லாம் எறக்கியாச்சு. நீங்க படுங்க."

பிறகு டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பலம்மா அவள் யார் என்று கேட்கவில்லை, சீனியைக் கூட்டிப்போட்டு டீ கொடுத்தாள்; பிறகு சாந்தாமணியைத் தனியே அழைத்து, இப்போதாவது சொல், அந்த மந்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சாந்தாமணி இந்தத் தடவை சொன்னாள். காலைக்குள் சரக்கையெல்லாம் இறக்கிவிடலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான் என்றாள். மரத்தடியில் அந்தப் பெண் சொன்னது என்ன என்று அப்பலம்மா கேட்டாள். அதையும் சாந்தாமணி தமிழிலும் தெலுங்கிலுமாகச் சொன்னாள்.

அப்பலம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள், அன்றிரவு அவர்கள் லாரியை அங்கேயே நிறுத்திப் படுத்தார்கள். இத்தனை காலமும் தினந்தினம் சொன்னது சாமியை அல்ல, சாக்கு மூட்டைகளை என்று தெரிந்த பிறகு அவள் அதை விட்டுவிடுவாள் என்றுதான் அர்த்தனாரி நினைத்தான். ஆனால் மறுநாள் விடிந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கைகூப்பி, அதே ராகத்தில் அதையேதான் சொன்னாள். சொல்லி முடித்து, தீக்குச்சியை உரசுமுன், 'எறக்கியாச்சுங்க' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.